சிவப்புப் பானமும் பத்து ஏக்கர் நிலமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் பத்துப் பதினைந்து படம் அனுப்பியிருந்தான். பக்கத்து வீட்டில் கருப்பினக் குடும்பம். ஜூன் 19 அன்று வீட்டுக் கொல்லைப்புறத்தில் விருந்து வைத்து, இவன் குடும்பத்தையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் நூல் கட்டி, பிள்ளைகள் கத்தரியால் வெட்டிய காகித நட்சத்திரங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். மடக்கு மேசைமேல் சிவப்புத் துணி. பெரிய கண்ணாடி ஜாடியில் செக்கச்செவேல் என்று ஒரு பானம். கீற்றுக் கீற்றாக தர்பூசணி. ஓரத்தில் எண்ணெய் டிரம்மைப் படுக்க வைத்த மாதிரி ஓர் அடுப்பு, அதிலிருந்து புகை.

இவன் பங்குக்கு ரவா கேசரி கிண்டி எடுத்துப் போயிருக்கிறான். கேசரிப் பவுடர் கை தவறி அதிகமாக விழுந்து, ரத்தச் சிவப்பாகிவிட்டதாம். வேறு வழியில்லாமல் வெட்கத்தோடு மேசையில் வைத்தானாம். அந்த வீட்டுப் பாட்டி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாராம்.

"டீச்சர், அங்கே எல்லாமே சிவப்பாக இருந்தது. ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தான்.

கேட்டது அவன் ஒருவன். பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் உங்கள் எல்லோருக்கும் நான் ஒரு கடன் பாக்கி வைத்திருக்கிறேன். "1863-ல் ஆபிரகாம் லிங்கன் அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தார்." இதைக் கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதியிருப்பேன்! ஒரு மதிப்பெண் கேள்வி. 1863 என்று எழுதினால் சரி போட்டேன். 1865 என்று யாராவது எழுதியிருந்தால் தப்பு போட்டிருப்பேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது மன்னிப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது உண்மை. ஆனால் அது, தனி நாடாகப் பிரிந்து போரிட்டுக்கொண்டிருந்த தென் மாநிலங்களுக்கு மட்டும்தான். அங்கே லிங்கனின் படை போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர். போரில் லிங்கன் பக்கம் நின்ற சில மாநிலங்களிலும் அடிமை முறை இருந்தது, அவற்றை அது தொடவே இல்லை. சட்டப்படி நாடு முழுவதும் ஒழிந்தது 13-வது அரசியல் சட்டத் திருத்தத்தால், 1865 டிசம்பரில். அப்போது லிங்கனே உயிரோடு இல்லை. அந்த வருஷம் ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

டெக்சாஸ் மாநிலம் தெற்கில் ஒரு மூலை. போரின் பெரும்பகுதி அதைத் தொடாமலே போனது. அதனால் மிசிசிப்பி, லூசியானா பக்கத்துப் பண்ணை முதலாளிகள் தங்கள் அடிமைகளை, ஆடு மாடு ஓட்டுவதுபோல, டெக்சாஸுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். வடக்குப் படையின் கைக்கு எட்டாத இடம் என்று கணக்குப் போட்டார்கள். 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டெக்சாஸில் இருந்த அடிமைகள் 1,82,566 பேர். போர் முடியும்போது அது சுமார் இரண்டரை லட்சம் என்கிறார்கள்.

1865 ஏப்ரல் 9-ல் தெற்கின் பெரிய தளபதி லீ சரணடைந்தார். டெக்சாஸ் பகுதிப் படையின் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்தானது ஜூன் 2-ல். அதன் பிறகுதான் தளபதி கார்டன் கிரேஞ்சர் சுமார் 2,000 வீரர்களோடு கால்வெஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கினார். ஜூன் 19 அன்று 'பொது ஆணை எண் 3' வெளியானது. எல்லா அடிமைகளும் விடுதலை பெற்றவர்கள் என்று அது அறிவித்தது. பிரகடனம் வந்து இரண்டரை வருஷம் கழித்து!

சேதி போய்ச்சேர இரண்டரை வருஷம் ஆனது என்று சிலர் கதையாகச் சொல்வார்கள். நானும் முதலில் படித்தபோது, குதிரையில் சேதி போன காலம், பாவம் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. தந்தி வந்துவிட்ட காலம் அது. பிரகடனம் டெக்சாஸ் செய்தித்தாள்களிலேயே அச்சாகியிருந்தது. முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். அடிமைகளிலும் பலர் காதுக்கு அரசல்புரசலாக எட்டியிருந்தது. தெரிந்தது எதற்கும் உதவவில்லை, நடைமுறைப்படுத்த ஆள் இல்லை. ஆணை வந்த பிறகுகூட, பருத்தி அறுவடை முடியட்டும் என்று வாயைத் திறக்காமல் வேலை வாங்கிய முதலாளிகள் உண்டு.

அந்த ஆணையையும் முழுசாகப் படித்துப் பார்க்க வேண்டும். சின்னக் காகிதம்தான். முதல் பாதியில் விடுதலை, சம உரிமை. இரண்டாம் பாதியில், இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள், சும்மா இருப்பவர்களுக்கு அரசு சோறு போடாது என்று அறிவுரை. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களைப் பார்த்துச் சோம்பேறித்தனம் பற்றிப் பாடம்! எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

சரி, விடுதலை ஆயிற்று. மறு வருஷம், 1866 ஜூன் 19 முதலே அதைக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். 'ஜூன்', 'நைன்டீன்த்' இரண்டையும் ஒட்டி 'ஜூன்டீன்த்' என்று பேர் பின்னால் நிலைத்தது. நம் பிள்ளைகள் 'சமூக அறிவியல் டீச்சர்' என்பதை 'சோசியல் டீச்சர்' ஆக்கியது போலத்தான்.

கொண்டாடுவது என்று முடிவாயிற்று. எங்கே கூடுவது? இந்த வரலாற்றில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான். ஆணை எண் 3 சுதந்திரம் கொடுத்தது, ஒரு சென்ட் நிலம் கொடுக்கவில்லை. 1866-ல் டெக்சாஸ் அரசு தன் புறம்போக்கு நிலத்தைக் குடியேறுபவர்களுக்குக் கொடுக்கச் சட்டம் போட்டபோது, வெள்ளையருக்கு மட்டும் என்று போட்டது. பொதுத் திடல்கள் இவர்களுக்குக் கிடையாது. அதனால் முதல் வருஷங்களில் ஆற்றங்கரை, ஓடைக்கரை, தேவாலயத்து வளாகம் என்று ஒதுக்குப்புறமாகக் கூடினார்கள். மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதை வண்டியிலும் பெண்கள் வீட்டில் சமைத்த பலகாரக் கூடைகளோடு வந்து இறங்குவார்கள். இருப்பதில் நல்ல துணியை அன்றைக்கென்று எடுத்து வைத்துக் கட்டிக்கொள்வார்கள். பழைய அடிமைக் கந்தலை ஆற்றில் வீசினார்கள் என்று ஒரு கதையும் சொல்வதுண்டு. ஆண்கள் முந்தின நாள் ராத்திரியே வந்து தரையில் நீளமாகக் குழி வெட்டி, கருவாலி மரக்கட்டைகளை எரித்துக் கனலாக்கி, அதன்மேல் பன்றி, ஆடு, மாட்டிறைச்சியை வாட்டுவார்கள். விடிய விடிய ஆள் மாற்றி ஆள் காவல் இருந்து, காடியும் மிளகாயும் கலந்த நீரைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்க் கொடைக்கு ராத்திரி முழுக்க அண்டா பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசும் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மாணவன் படத்தில் இருக்கும் டிரம் அடுப்பு அந்தக் குழிக்குப் பேரப்பிள்ளை.

1872-ல் ஹூஸ்டனில் ஒரு காரியம் நடந்தது. ஜாக் யேட்ஸ் என்ற பாதிரியார், அடிமையாகப் பிறந்தவர். அவரும் ரிச்சர்ட் ஆலன், ரிச்சர்ட் பிராக், எலியாஸ் டிபில் ஆகியோரும் சேர்ந்து இரண்டு தேவாலயத்து மக்களிடம் பணம் திரட்டினார்கள். சுமார் 1,000 டாலர் சேர்ந்தது. ஏழு வருஷத்துக்கு முன்புவரை தங்கள் உடம்பே தங்களுக்குச் சொந்தமில்லாமல் இருந்தவர்கள் கொடுத்த காசு அது. அதில் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விளைவிக்க அல்ல, வீடு கட்டி வாடகைக்கு விடவும் அல்ல. வருஷத்தில் ஒரு நாள் எல்லோரும் கூடிச் சாப்பிட்டு, பாடி, பந்து விளையாட. 'எமன்சிபேஷன் பார்க்', விடுதலைப் பூங்கா என்று பேர் வைத்தார்கள்.

விருந்து வைக்க நிலம் வாங்குவதா, பணம் தண்டம் இல்லையா என்று நம் வீட்டில் சிலர் கேட்பீர்கள். எனக்குத் தெரியும் யார் கேட்பீர்கள் என்று! ஆனால் யோசித்துப் பாருங்கள். அடுத்தவன் இடத்தில் நின்று கொண்டாடினால் எப்போது வேண்டுமானாலும் 'கலைந்து போ' என்று சொல்லிவிடலாம். பட்டா கையில் இருந்தால் சொல்ல முடியாது.

அந்தப் பூங்கா 1918-ல் நகராட்சிப் பூங்கா ஆனது. பிறகு பல வருஷம் ஹூஸ்டனில் கருப்பினத்தவர் நுழைய அனுமதி இருந்த ஒரே பொதுப் பூங்கா அதுதான். அதற்குள்ளே நீச்சல் குளம், விளையாட்டு, கூட்டம் எல்லாம். வெளியே ஓடிய தெருவுக்கு என்ன பேர் தெரியுமா? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் அதிகாரி டௌலிங் பேர். விடுதலைப் பூங்காவுக்குப் போக டௌலிங் தெரு வழியாகப் போக வேண்டும். 2017-ல்தான் அதை மாற்றி 'எமன்சிபேஷன் அவென்யூ' ஆக்கினார்கள்.

வாங்கிய நிலம் எல்லாம் தங்கிவிடவும் இல்லை. ஆஸ்டின் நகரத்தில் இதேபோல ஜூன்டீன்த்துக்கென்று வாங்கிய ஒரு விடுதலைப் பூங்கா இருந்தது. 1930-களின் கடைசியில் நகர நிர்வாகம் குடியிருப்புக் கட்ட வேண்டும் என்று அதைக் கையகப்படுத்திக்கொண்டது. கருப்பின ஏழைகளுக்கான குடியிருப்புதான், நல்ல காரியம்தான். ஆனால் ஊரில் வேறு இடமே இல்லையா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இதே காலத்தில் வேலை தேடி லட்சக்கணக்கானவர்கள் டெக்சாஸை விட்டு லாஸ் ஏஞ்சலஸ், ஓக்லண்ட், இன்னும் வடக்கே என்று போனார்கள். ஜூன்டீன்த்தும் மூட்டையோடு மூட்டையாகப் போனது. அங்கே ஆற்றங்கரையும் இல்லை, பத்து ஏக்கரும் இல்லை. வாடகை வீட்டின் கொல்லைப்புறம் இருந்தது. பெரிய ஊர்வலங்கள் குறைந்த வருஷங்களிலும் திருநாள் அணையாமல் இருந்தது அப்படிப்பட்ட கொல்லைப்புறங்களில்தான்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன், தம்பி.

ஒரே காரணம் சொல்ல முடியாது. அடிமைத்தனத்தில் சிந்திய ரத்தத்தின் நினைவு என்று பலர் சொல்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் விருந்தாளிக்குச் சிவப்புப் பானம் கொடுக்கும் பழக்கத்தின் தொடர்ச்சி என்று உணவு வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். செனகல் நாட்டில் 'பிஸ்ஸாப்' என்று ஒரு பானம் உண்டு. செம்பருத்தி இனச் செடி ஒன்றின் பூ உதிர்ந்தபின் காயை மூடி நிற்கும் சதைப்பற்றான சிவப்பு இதழ்களைக் கொதிக்க வைத்து, சர்க்கரை போட்டு ஆற வைப்பது. எந்தச் செடி என்று தேடினால், நம் புளிச்சக்கீரை! ஆந்திராவில் கோங்குரா என்பார்களே, அதே இனம். நாம் கீரையைக் கடைந்து சாப்பிட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம். அவர்கள் அந்தச் சிவப்பைக் கடல் தாண்டியும் மறக்கவில்லை. பிறகு கடைச் சர்பத்தும் சிவப்புச் சோடாவும் வந்து ஜாடியில் இடம் பிடித்தன. டெக்சாஸில் வேக்கோ என்ற ஊரில் 1937-ல் தயாரிக்கத் தொடங்கிய 'பிக் ரெட்' சோடா இன்றைக்கும் அங்கே ஜூன்டீன்த் மேசைகளில் இருக்கும்.

மேசையில் தட்டப்பயறு இருந்ததா என்று அவனிடம் கேட்டேன். இருந்ததாம். காராமணி என்று சொல்கிறோமே, அது ஆப்பிரிக்கா மனிதகுலத்துக்குக் கொடுத்த பயிர். வெண்டைக்காய்க் குழம்புக்கு அங்கே 'கம்போ' என்று பேர். வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு எடை போட்டுச் செய்யும் 'பவுண்டு கேக்' இன்னொன்று. அளவுக் கரண்டியும் சமையல் புத்தகமும் வேண்டாம், நாலையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். வரலாற்றாசிரியர் அனெட் கார்டன்-ரீட் டெக்சாஸில் வளர்ந்தவர். தன் சிறு வயது ஜூன்டீன்த்தில் சிவப்புச் சோடாவோடு மெக்சிகோக்காரர்களின் தமாலேயும் உண்டு என்று எழுதியிருக்கிறார். சோள மாவை மட்டையில் பொதிந்து ஆவியில் வேக வைப்பது, நம் இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. பக்கத்து வீட்டுப் பதார்த்தத்துக்கு அந்த மேசையில் எப்போதும் இடம் இருந்திருக்கிறது.

தர்பூசணி பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அதுவும் ஆப்பிரிக்காவின் பழம். விடுதலைக்குப் பிறகு பலர் சொந்தத் துண்டு நிலத்தில் அதை விளைவித்து, விற்று, நாலு காசு பார்த்தார்கள். தெற்கு வெள்ளையர்களுக்கு அது பொறுக்கவில்லை. தர்பூசணியைத் தின்னும் கருப்பினச் சோம்பேறி என்று கேலிப் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். தபால் அட்டையில்கூட. சொந்தக் காலில் நின்றதற்கான அடையாளத்தை அவமானத்தின் அடையாளமாக்கிவிட்டார்கள். அதனால் இன்றைக்கும், அந்த வீட்டார் தங்கள் கொல்லைப்புறத்தில் அதை வெட்டி வைப்பது வேறு, வெளியாள் 'உங்கள் திருநாளாயிற்றே' என்று தர்பூசணி வாங்கிக்கொண்டு போவது வேறு. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் வால்மார்ட் நிறுவனம் ஜூன்டீன்த் பேரைப் போட்டு ஓர் ஐஸ்கிரீம் விற்கப் பார்த்து, கண்டனம் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டது. இந்த விருந்து வீட்டில் செய்தால்தான் பொருத்தமாக இருக்கிறது.

இனி சொல்லப் போவது என் தொழிலைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி. ஓபல் லீ, 1926-ல் டெக்சாஸில் பிறந்தவர், பள்ளி ஆசிரியை. 1939-ல் அவருடைய பெற்றோர் ஃபோர்ட் வொர்த் நகரத்தில் வெள்ளையர் அதிகமாக இருந்த பகுதியில் ஒரு வீடு வாங்கிக் குடிபோனார்கள். சில நாள்தான். சுமார் 500 பேர் கொண்ட கும்பல் வந்து வீட்டைச் சூழ்ந்தது. போலீஸ் இருந்தது, தடுக்கவில்லை. பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கும்பல் வீட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்கித் தீ வைத்தது. அந்தத் தேதி ஜூன் 19. ஓபலுக்கு 12 வயது. பெற்றோர் அதைப் பற்றி அதன்பிறகு பிள்ளைகளிடம் பேசியதே இல்லையாம்.

படித்தார், ஆசிரியை ஆனார், ஓய்வும் பெற்றார். 2016-ல், தன் 89-வது வயதில், ஜூன்டீன்த்தை நாடு முழுவதற்கும் விடுமுறை ஆக்க வேண்டும் என்று ஃபோர்ட் வொர்த்திலிருந்து வாஷிங்டன் நோக்கி நடைப்பயணம் கிளம்பினார். வழியில் ஊர் ஊராக இரண்டரை மைல் நடப்பார், நம் கணக்கில் 4 கிலோமீட்டர். விடுதலை தாமதமான இரண்டரை வருஷத்துக்கு இரண்டரை மைல்! முழங்கால் வலி என்று மாடிப்படி ஏற யோசிக்கும் நான் இதைப் படித்த அன்று பேசாமல் எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன்.

டெக்சாஸ் மாநிலம் 1980-லேயே இதை அரசு விடுமுறை ஆக்கியிருந்தது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆல் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த மசோதா அது. நாடு முழுவதற்குமான சட்டத்தில் 2021 ஜூன் 17 அன்று அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார். ஓபல் லீ பக்கத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. எரிந்த வீடு இருந்த மனை இப்போது யார் கையில் இருக்கிறது என்று விசாரித்தார். ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. விலைக்குக் கேட்டார். அவர்கள் பேருக்குப் பத்து டாலர் வாங்கிக்கொண்டு மனையைக் கொடுத்து, வீடும் கட்டிக் கொடுத்தார்கள். 2024 ஜூன் மாதம், 97 வயதில், அந்த வீட்டுச் சாவி அவர் கைக்கு வந்தது. ஓடிப்போன இடத்துக்கு 85 வருஷம் கழித்துத் திரும்பி வந்தார்.

தம்பி, நீ ஹூஸ்டனில்தான் இருக்கிறாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பத்து ஏக்கர் பூங்காவுக்குப் போய்விட்டு வா. தெருப் பேர்ப் பலகையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்பு. என்னிடம் படித்த மற்றவர்கள், பழைய சமூக அறிவியல் நோட்டு பரணில் எங்காவது கிடந்தால், 1863-க்குப் பக்கத்தில் 1865 என்று எழுதிக்கொள்ளுங்கள். டீச்சர் சொன்னார் என்று.

அப்புறம் அந்தக் கேசரி. அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். முந்திரியை நெய்யில் நன்றாக வறுத்துப் போடு, ரவைக்கு இரண்டரை மடங்கு தண்ணீர் வை. பவுடரைக் குறைக்காதே.